பத்து நிமிஷம் சத்தமில்லாமல்

"ஏங்க, டீ வடிகட்டியைப் பாத்தீங்களா?"

சமையலறையிலிருந்து வந்த இந்தக் கேள்விக்கு, பால்கனியை ஒட்டிய சின்ன அறையிலிருந்து உடனே பதில் வரவில்லை. காலை ஏழு மணிக்கு மனைவி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாத கணவன் ஒன்று தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை ஏதாவது செய்துவிட்டு முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அறைக்குள் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டதால் அவர் தூங்கவில்லை என்பது தெளிவு.

"எந்த வடிகட்டி?" என்றார் கடைசியில்.

"ஆமா, வீடு பூரா வடிகட்டி. அதுல எதுன்னு கேக்கறீங்க!"

வடிகட்டியின் பிடி மேஜை டிராயரில் ஒளிந்திருந்தது. அதன் வலை சதுரமாக வெட்டப்பட்டு ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் மேல்பக்கம் பொடிப்பொடி ஓட்டைகள் கொண்ட பீங்கான் தகடு; யாரோ குப்பையில் போட்ட அறை ஹீட்டரிலிருந்து பெயர்த்தது. பக்கவாட்டில் சின்ன கேஸ் டப்பாவோடு இணைத்த ஒரு பித்தளைக் குழாய். குழாய் முனையில் குண்டூசிகூட நுழையாத ஓட்டையோடு ஒரு ஜெட். உடைந்த ஸ்டவ்விலிருந்து கழற்றியது. இவ்வளவும் சேர்ந்தது ஒரு கேஸ் பர்னர். இதன் மேல் உட்காரக் காத்திருந்தது சொம்பு உயரத்தில் ஒரு பாய்லர். பாய்லரின் நீராவியில் ஓடக் காத்திருந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு என்ஜின். அந்த என்ஜின் ஓடினால் என்ன ஆகும் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "ஓடும்" என்றார் அவர்.

பஸ் டெப்போவில் அவர் தலைமை மெக்கானிக். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் 'ஸ்டெதஸ்கோப்'. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக் கேட்பார். "மூணாவது சிலிண்டர். எக்ஸாஸ்ட் வால்வு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இருபது வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவருக்குத் தன் காதின் மேல் இருந்த மதிப்பு தன் தலையின் மேல்கூட இருந்ததில்லை.

பாய்லர், என்ஜின், பர்னர் மூன்றிலும் கடையில் வாங்கியது ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. "ரெடிமேடாவே கிடைக்குமே சார்" என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். "அப்புறம் அது கம்பெனிக்காரன் செஞ்ச பர்னர்!"

சிக்கல் ஆரம்பித்தது முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம். பர்னரை முதன்முதலாகப் பற்ற வைத்தார். பற்றியது. கூடவே ஊளையிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பின மாதிரி ஒரு ஊளை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. கீழ் வீட்டு நர்ஸம்மாவுக்கு அந்த வாரம் நைட் டியூட்டி. அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர், தலையணையைக் கையோடு பிடித்தபடியே மாடி ஏறி வந்துவிட்டார்.

"ஏன் அக்கா, உங்க வீட்டுலேருந்து கப்பல் ஏதும் கிளம்புதா?"

மனைவிக்கு மானம் போய்விட்டது. அவளுக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களைப் பார்த்து 'உஷ்' என்று சொல்லிவிட்டு வருகிறவளுடைய வீட்டு வாசலில், சத்தம் தாங்காமல் ஒருவர் தலையணையோடு வந்து நிற்பது என்றால் எப்படி இருக்கும்! நர்ஸம்மாவைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. நானும் நர்ஸம்மாவும் இங்க வந்து நிப்போம். பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் இது சத்தமில்லாம எரியட்டும். இந்த ரூம் உங்களுக்கு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா சத்தம் வந்துச்சு, உங்க ஓட்டை உடைசல் அத்தனையும் பரண்ல ஏறும். ரூம் அப்பாவுக்கு."

அப்பா என்றது அவளுடைய அப்பாவை. நான்கு மாதமாக அவர்களோடு இருக்கிறார். ஹாலில் சோபாவை இழுத்துப் படுக்கையாக்கிப் படுத்துக்கொள்வார். டிவி பார்க்கிறவர்கள் பார்த்து முடித்து எழுந்தால்தான் அவருக்குக் கட்டில் உண்டு. ரிட்டயரான பி.டி. மாஸ்டர். முப்பத்து நாலு வருஷம் மைதானத்தில் வெயிலில் நின்று கத்திய ஆளுக்கு இப்போது காது மந்தம். பத்து நாளைக்கு முன்னால்தான் காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினார்கள். மனிதர் பரம சாது. இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது.

"எனக்கு எதுக்கும்மா ரூம்?" என்றார் மாமனார். "நான் பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கேன். மாப்ள ஆசையா ஏதோ பண்றாரு. விடேன்."

ஸ்டெதஸ்கோப்புக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அந்த அறை போனால் அவருக்கு என்ன மிச்சம்? நாள் முழுக்கப் புகையிலும் கிரீஸிலும் ஊரார் பஸ்ஸைப் பார்க்கிறவருக்கு, தனக்கென்று ஒரு மேஜை, ஒரு விளக்கு, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு தாழ்ப்பாள் அங்கேதான் இருந்தது.

மகள் உள்ளே போனதும் மாமனார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"நடுவுல சல்லடை மாதிரி ஏதாவது வச்சா அடங்குமோ மாப்ள? டீ வடிகட்டி வலை கணக்கா... எனக்கென்ன தெரியும், நான் டிரில் வாத்தியார். மனசுல பட்டுது, சொன்னேன்."

இப்படித்தான் டீ வடிகட்டி காணாமல் போனது.

ஆனால் யோசனை பலித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை டெப்போவுக்குக் கிளம்புமுன் பற்றவைத்தார். பீங்கான் தகடு மெல்லச் சிவந்து தணலாக நின்றது. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற மாமனார் தகட்டையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! சத்தமே இல்லையே!"

"எல்லாம் உங்க யோசனைதான் மாமா."

"சாயங்காலம் பாப்பா வந்ததும் காட்டிருவோம்" என்றார் மாமனார், ஏதோ யோசனையோடு.

அன்று சாயங்காலம் ஸ்டெதஸ்கோப் வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார். "மாப்ள வந்துட்டாரு, வச்சிடறேம்மா" என்று முடித்தார்.

"யாரு மாமா?"

"தெரிஞ்ச பொண்ணு. சும்மா விசாரிச்சுது."

மனைவி வந்தாள். டீத்தூளை வாயாலேயே வடிகட்டிக் குடித்திருந்த கோபம் முகத்தில் இருந்தது. மாமனாரும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கையை மேஜையில் ஊன்றி, தலையை உள்ளங்கையில் சாய்த்து, கதை கேட்க வந்தவர் மாதிரி தயாரானார். பர்னர் பற்றியது. தகடு சிவந்தது. அமைதி. மனைவியின் புருவம் கொஞ்சம் இறங்கியது.

கீ...........

நூல் மாதிரி சன்னமாக, காதுக்குள் போய்க் குடைகிற மாதிரி ஒரு விசில்.

"ஊளை போயிருச்சு பாத்தியா!" என்றார் ஸ்டெதஸ்கோப், முந்திக்கொண்டு.

"விசில் வந்திருக்கே."

"இது முன்னேற்றம்மா! சத்தம் மேல ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்திட்டேன்னா மனுஷக் காதுக்கே கேக்காது. நாய்க்குத்தான் கேக்கும்."

"அப்ப தெரு நாய் அத்தனையும் நம்ம வாசல்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் மாமனார் அப்பாவியாக. "முப்பத்து நாலு வருஷம் விசில் ஊதினேனா, அந்த மாதிரி சன்னச் சத்தம் மட்டும் சுத்தமா செத்துப்போச்சு. மெஷின் போட்டும் ஏறல. குடுத்து வச்சவன் நான்."

ஸ்டெதஸ்கோப் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியைப் பர்னரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடினார். ஒரு காதில் பர்னர் குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மறு காதில் விசில் கிழித்துக்கொண்டிருந்தது. வேறு யாராவது இருந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்திருப்பார்கள். இவர் நிபுணர் ஆயிற்றே. ஒரு முடிவுக்கு வந்தார்.

"கோளாறு இரும்புல இல்ல மாமா. நெருப்புல இருக்கு."

"எப்படித்தான் கண்டுபிடிக்கறீங்களோ!" என்றார் மாமனார், கையைத் தலையிலிருந்து எடுத்து வியந்தபடி. விசிலும் சற்று ஓய்ந்தது.

புதன்கிழமை கேஸ் திருகைக் கால் சுற்று திருகினார். விசில் நின்றது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். விசில் வந்தது. மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அப்படியே. பக்கத்தில் மாமனார் அவர் விரல்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெட்தான்!" என்று துள்ளினார் ஸ்டெதஸ்கோப். "கேஸ் அளவுலதான் தப்பு. ஓட்டை சரியில்ல."

"நம்ம சமையல் அடுப்புல அந்தச் சின்ன பர்னர் இருக்கு பாருங்க" என்றார் மாமனார் கூரையைப் பார்த்தபடி, "பூ மாதிரி எரியுது. அதுல என்ன ஓட்டையோ..."

மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த இருபது நிமிஷத்தில் காரியம் முடிந்தது. அடுப்பு ஜெட் பர்னருக்கு வந்தது. பர்னர் ஜெட் அடுப்புக்குப் போனது. சாயங்காலம் மாமனார் ஸ்டூலோடு வந்து உட்கார்ந்தார். விசில் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலை அடுப்பில் பால் வைத்தாள் மனைவி. மஞ்சள் நெருப்பு எழுந்து பாத்திரத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பாத்திரம் கறுத்தது, பால் கறுத்தது, பிடி உருகிச் சொட்டியது. அடுப்பு ரிப்பேர்காரர் வந்தார். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இந்த அடுப்போடதே இல்லம்மா. யாரோ மாத்தியிருக்காங்க. ஆனா வேலை தெரிஞ்ச ஆளு. மரை ஒரு கீறல் இல்லாம ஏத்தியிருக்கான்."

தொழில்காரர் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டை ஸ்டெதஸ்கோப்பால் ரசிக்க முடியவில்லை. மனைவி கறுத்த பால் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மனைவி நூலகத்துக்குப் போய்விட்டாள். மாமனார் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பத்தே முக்காலுக்கு ஸ்டெதஸ்கோப் பர்னரைப் பற்றவைத்து, மேலே பாய்லரை ஏற்றினார். தகடு சிவந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நிசப்தம். பதினைந்தாவது நிமிஷம் பாய்லர் முனக ஆரம்பித்தது. நீராவி எழுந்து, சோப்பு டப்பா என்ஜின் ஒருமுறை தயங்கி, சட்டென்று ஓட ஆரம்பித்தது. டிக்டிக்டிக்டிக் என்று அந்தச் சின்னச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாருமில்லாத வீட்டில், ஐம்பத்திரண்டு வயசில், கையை மேலே தூக்கி ஒரு ஆட்டம் ஆடினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்த நாட்கள் நாலைந்து இருந்தால் அதிகம்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு மனைவியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். மாமனாரும் ஸ்டூலில் வந்து அமர்ந்தார்.

கீ...........

"காலைல சத்தியமா வரல! இருபது நிமிஷம் ஓடுச்சு!"

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"வேற யாரு?"

அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். 'காலை 10.45. சத்தம் இல்லை. மாலை 6.15. விசில்.' இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று யோசித்து யோசித்து எழுதியிருந்தார். காற்றின் ஈரம். அறையின் சூடு. கேஸ் டப்பாவின் எடை. எல்லாவற்றையும் வரிசையாக அடித்துவிட்டுக் கடைசியில் ஒன்றை மட்டும் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதை வாய்விட்டுப் படித்தது அவர் செய்த தப்பு.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீ வந்தா மட்டும்தான் இது கத்துது."

அறையில் விசில்கூட நின்றுவிட்டது.

"என்னைப் பாத்தா கத்துதா?" என்றாள் மனைவி, ஒவ்வொரு சொல்லாக. "அதுக்கே அப்படி இருக்குன்னா எனக்கு எப்படி இருக்கும்!"

அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமை முழுக்க அவரோடு பேசவில்லை. தேவையான விஷயங்களை அப்பாவிடம் சொன்னாள். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொன்னார், இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டுக்கொண்டே.

சனிக்கிழமை டெப்போவில் ஒரு டிரைவர் வந்தார். "பின்னாடி ஏதோ உருளுற மாதிரி சத்தம், ஸ்டெதஸ்கோப் அண்ணே." இவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடினார். தலைக்குள் கீ என்ற விசிலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. "டிஃபரன்ஷியல்." நான்கு பேர் பாதி நாள் மல்லுக்கட்டிப் பின் அச்சிலிருந்து அதைக் கழற்றிப் பிரித்துப் போட்டார்கள். பொட்டுக் குறை இல்லை. கடைசி சீட்டுக்கடியில் கண்டக்டரின் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர்தான் தோளைத் தட்டினார். "காதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க." அந்த ஒரு வார்த்தை அவரைச் சுருட்டிப்போட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் காதையே தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மனசு விடாதீங்க மாப்ள" என்றார் மாமனார். "குழாய் நீளம் பத்தலையோ என்னமோ. நீளக் குழாயா இருந்தா சத்தம் இறங்கும்ல? ஹால் ஜன்னல்ல திரைச்சீலைக் கம்பி, அது பித்தளைக் குழாய்தானே?"

அது பித்தளைக் குழாய்தான். ஒரு சாண் வெட்டினார். மிச்சத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும்படி ஒட்டவைத்து மாட்டினார். அன்றைக்கே மனைவி திரையை இழுத்தாள். கம்பி, திரை, சுவர்க்காரை மூன்றும் அவள் தலையில் இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் நேராக மாமனார் முகத்தில் அடித்தது. அவர் துண்டை எடுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு சோபாவில் குந்தியிருந்தார். மகள் வந்து பார்த்தாள்.

"தூங்கலியாப்பா?"

"பரவால்லம்மா. இந்த வயசுல தூக்கம் என்ன வேண்டிக்கிடக்கு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்த பார்வையில் அறை பாதி கைமாறிவிட்டது.

மாலை ஐந்து மணி. நர்ஸம்மா கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மனைவி கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமனார் வழக்கமான ஸ்டூலில். "நல்லபடியா நடக்கும் மாப்ள" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். ஸ்டெதஸ்கோப் தீக்குச்சியைக் கிழித்தார். பர்னர் பற்றியது.

ஒரு நிமிஷம். தகடு சிவந்தது. இரண்டு. மூன்று. சத்தமில்லை. ஐந்தாவது நிமிஷத்தில், ஏற்கனவே சூடுபண்ணி ஊற்றியிருந்த தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. ஏழாவது நிமிஷத்தில் என்ஜின் ஓடியது. டிக்டிக்டிக்டிக்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றார் நர்ஸம்மா, கடிகாரத்தை மறந்து குனிந்து.

மனைவிகூட இரண்டடி முன்னால் வந்தாள். அந்தச் சின்னச் சக்கரத்தைப் பார்த்தபோது அவள் முகத்தில் என்னவோ இளகியது. "இதுக்குத்தானா இவ்வளவும்?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவர் தலையை ஆட்டினார்.

"ஒம்போது நிமிஷம்" என்றார் நர்ஸம்மா.

மாமனார் ஸ்டூலில் சற்று அசைந்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கீ...........

ஸ்டெதஸ்கோப் திருகைத் திருகினார். நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் திருகினார். நிற்கவில்லை. ஊதினார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் கேஸை அடியோடு அணைத்தார். நெருப்பு போய் ஒரு நொடி கழித்துத்தான் விசில் போனது. காது போய்விட்டது, இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு வாரம் குடும்மா" என்றார் மாமனார் பதறி எழுந்து. "எனக்கு ரூமெல்லாம் வேண்டாம்மா."

"நீங்க சும்மா இருங்கப்பா. பேச்சு பேச்சுதான்."

அன்று சாயங்காலமே அறை காலியானது. பாய்லர், என்ஜின், பர்னர் எல்லாம் ஒரு கோணிப்பையில் கட்டிப் பரணில் ஏறின. "நீங்க இவ்வளவு கட்டாயப்படுத்தறதால..." என்று சொல்லிக்கொண்டே மாமனார் உள்ளே போனார். பரணிலிருந்து இறக்கிய பழைய கட்டிலை எங்கே போடுவது என்று மகளும் மருமகனும் யோசிப்பதற்குள், "அந்தச் சுவரோரம் போட்டுப் பாருங்க" என்றார். ஒரு விரல் கூடுதல் குறைவு இல்லாமல் கட்டில் அங்கே பொருந்தியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டெதஸ்கோப் ஹால் சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். டெப்போவில் இப்போது யாரும் அவரைச் சத்தம் கேட்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவருக்கே தைரியமில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து மாமனாரின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. வாசல் மணி அடித்தது.

"காது மெஷின் சென்டர்லேருந்து வரேன் சார். முதல் மாச சர்வீஸ். பெரியவர் இருக்காரா?"

கையில் சின்னப் பெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தூங்கும் மனிதரை எழுப்ப மனமில்லாமல், ஹால் மேஜையில் அவர் கழற்றி வைத்திருந்த மெஷினை எடுத்துக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து துடைத்து, பேட்டரி மாற்றினாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, என் காதையும் கொஞ்சம் பாத்துச் சொல்றியா? ஒரு காலத்துல நல்ல காது. இப்ப எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னே பிடிபடல."

அவள் பெட்டியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டினாள். பொத்தான்களை அழுத்தினாள். கேட்கும்போதெல்லாம் அவர் கையைத் தூக்கினார். முடித்ததும் அவள் காகிதத்தையும் அவரையும் பார்த்தாள்.

"உங்க வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல சார். ஒரு குறையும் இல்ல."

"அப்ப அந்த விசில்?"

"எந்த விசில் சார்?"

எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் மாமனாரின் மெஷினை எடுத்து உள்ளங்கைக்குள் மூடினாள்.

கீ...........

ஸ்டெதஸ்கோப் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். அதே சத்தம். அதே நூல் மாதிரி சன்னம். பர்னர் பரணில் கோணிப்பைக்குள் இருந்தது.

"இதுவா! இதுவா கத்துச்சு?"

"கையால பொத்தினா இப்படித்தான் சார் கத்தும். காதுல மாட்டிட்டுத் தலையைக் கையில சாச்சாலும் வரும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூடிய கதவையும் அதன் பின்னால் கேட்ட குறட்டையையும் நினைத்து மனம் இளகியது.

"பாவம் மாமா" என்றார். "அவருக்கு இது கேக்கவும் கேக்காது. தெரியாமலே பண்ணியிருக்காரு. சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிருவாரு. நீயும் சொல்லாதம்மா."

அந்தப் பெண் பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தாள். "எல்லாரும் எங்களுக்குப் போன் பண்ணி இந்த விசில் வராம இருக்க என்ன செய்யணும்னுதான் கேப்பாங்க சார். வேணும்னா வரவைக்கவும் வேண்டாம்னா நிறுத்தவும் என்ன செய்யணும்னு கேட்ட ஒரே ஆளு உங்க மாமாதான்."